சிவப்பு மாத்திரையும் தகடூர் நெல்லிக்கனியும்

அன்புள்ள தம்பிக்கு,

காவேரிப்பட்டணத்திலிருந்து நீங்கள் எழுதிய நீண்ட கேள்வியை இரண்டு முறை படித்தேன். மனிதர்கள் உண்மை என்று நம்பி வாழும் உலகமே இயந்திரங்கள் காட்டும் கணினி மாயை என்று சொல்லும், 1999-இல் வெளிவந்த 'தி மேட்ரிக்ஸ்' படத்தை மூன்றாம் முறையாகப் பார்த்தபோது, அதன் நாயகன் நியோ முதல் பாதி முழுவதும் தானாக எதையுமே செய்யவில்லை என்பது உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. யாரோ அழைக்கிறார்கள், போகிறான்; யாரோ பிடிக்கிறார்கள், அகப்படுகிறான்; யாரோ சொல்லித் தருகிறார்கள், கற்றுக்கொள்கிறான். நடக்கப்போவது குறி சொல்லும் பெண்மணிக்கு முன்பே தெரியும் என்றால், பிற்பாதியில் அவன் செய்வதை அவனுடைய செயல் என்று எப்படிச் சொல்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் திரைக்கதையைப் படித்த நண்பர்கள் 'உன் நாயகன் சும்மாவே இருக்கிறான்' என்று குறை சொன்னதுதான் இந்தக் கேள்விக்குத் தூண்டுதல் என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் கண்டது சரி. அதிலிருந்து நீங்கள் வந்து சேர்ந்த முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. நாயகன் எவ்வளவு ஓடுகிறான், எத்தனை பேரை அடிக்கிறான் என்பதை வைத்து அவன் செயலுள்ளவனா, செயலற்றவனா என்று அளப்பது தவறான அளவுகோல். எதைத் தெரிந்துகொண்டு எந்தப் பக்கம் காலை வைக்கிறான் என்பதுதான் அளவு. முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் என்பதால் எனக்கு இது முதலில் சொல்லின் வழியாகவே புலப்பட்டது. அறிதலுக்கும் பொறுக்கி எடுத்தலுக்கும் நம் மொழியில் ஒரே வினைதான்: தெரிதல். 'எனக்குத் தெரியும்' என்பதும் 'தெரிந்தெடுத்தேன்' என்பதும் ஒரே வேரிலிருந்து வருபவை. திருக்குறளில் தெரிந்து செயல்வகை, தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று மூன்று அதிகாரங்களுக்கு அந்தச் சொல்லே தலைப்பாக நிற்கிறது. அறியாமல் எடுத்த ஒன்றைத் தெரிவு என்று சொல்லத் தமிழ்ச் செவி தயங்கும். இந்த ஒரு குறிப்பை வைத்துக்கொண்டு படத்தை மறுபடி பார்க்கலாம்.

முதலில் உங்கள் குற்றச்சாட்டுக்கு வலுச் சேர்க்கும் காட்சிகளை முழுமையாகவே ஒப்புக்கொள்கிறேன். கணினித் திரையில் தானாகத் தோன்றும் எழுத்துகள் வெள்ளை முயலைப் பின்தொடரச் சொல்கின்றன. வாசலுக்கு வந்தவளின் தோளில் அந்த முயல் பச்சை குத்தப்பட்டிருப்பதைக் கண்டதும் நியோ அவர்களுடன் கிளம்பிவிடுகிறான். மறுநாள் அலுவலகத்தில் மேலாளர், நேரத்துக்கு வருவதா, வேறு வேலை தேடிக்கொள்வதா என்று தேர்ந்துகொள்ளச் சொல்கிறார். படத்தில் 'தேர்ந்துகொள்' என்ற சொல் முதன்முதலாக அழுத்தமாக வரும் இடங்களில் ஒன்று இப்படி ஒரு மிரட்டலின் உருவில்தான் வருகிறது. பிறகு, அந்த மாயையிலிருந்து மனிதர்களை விடுவிக்கும் குழுவின் தலைவர் மார்ஃபியஸ் தொலைபேசியில் ஒவ்வொரு அடியாகச் சொல்லிக்கொடுத்துத் தப்பிக்க வழிகாட்டுகிறார். நியோ சன்னலுக்கு வெளியே விளிம்பு வரை போகிறான், கைபேசி நழுவி விழுகிறது, தன்னால் முடியாது என்று திரும்பிவிடுகிறான். அடுத்த காட்சியில் அந்த மாயையைக் காவல் காக்கும் அதிகாரிகள் அவனைக் கொண்டுபோகிறார்கள். ஒரு சாகசப் படத்தின் நாயகன் தன் முதல் சோதனையில் தோற்றுப் பிடிபடுகிறான். நம் திரைப்படங்களில் நாயகனுக்கென்று ஓர் அறிமுகச் சண்டையும் ஓர் அறிமுகப் பாடலும் உண்டு; முதல் பத்து நிமிடத்திலேயே அவன் யார் என்பது தீர்ந்துவிடும். அந்தப் பழக்கத்தோடு பார்க்கும் நமக்கு நியோ சும்மா இருப்பதாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆனால் அறிவியல் புனைவுக்கு அதற்கே உரிய ஒரு தேவை இருக்கிறது. அந்த உலகத்தின் விதிகள் பார்ப்பவருக்குத் தெரியாது. யாராவது ஒருவர் தெரியாதவராக இருந்து, கேட்டு, அடிபட்டு, கற்றுக்கொண்டால்தான் நாமும் கூடவே கற்க முடியும். ஆகவே நாயகன் முதல் பாதியில் மாணவனாக இருப்பது பெரும்பாலும் அந்த வகைமையின் கட்டாயம். கேள்வி எழுப்ப வேண்டியது அந்த மாணவப் பருவம் எங்கே முடிகிறது என்பதைப் பற்றித்தான்.

எல்லோரும் சுட்டிக்காட்டுவது மாத்திரைக் காட்சியை. நீலத்தை விழுங்கினால் பழைய படுக்கையில் கண் விழிப்பாய், சிவப்பை விழுங்கினால் உண்மையைக் காண்பாய் என்கிறார் மார்ஃபியஸ். உலகம் முழுவதும் இதைத் தன்னுரிமைத் தெரிவின் உருவகமாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். எனக்கு இதில் நீண்ட காலமாகவே உடன்பாடில்லை, காரணம் தகடூர். நம் தருமபுரிதான் அதியமானின் தகடூர் என்பதும், அவன் அரிதில் பெற்ற நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்தான் என்பதும் இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் புறநானூற்றின் 91-ஆம் பாடலில் ஔவை சொல்லும் ஒரு நுட்பத்தைப் பலரும் கவனிப்பதில்லை. அந்தக் கனி சாவை நீக்கும் என்ற செய்தியை அவன் தன் உள்ளத்துக்குள்ளேயே அடக்கிக்கொண்டு கொடுத்தான் என்கிறாள். அப்படியானால் அந்த நிகழ்ச்சியில் தெரிவு செய்தவர் யார்? கனியைத் தின்ற ஔவை அல்லள். அவளுக்கு அது என்ன செய்யும் என்றே தெரியாது. தனக்கு நீண்ட வாழ்நாள் கிடைக்கும் என்று அறிந்தும் அதைக் கைமாற்றிய அதியமான்தான் தெரிந்து செய்தவன்.

சிவப்பு மாத்திரையை விழுங்கும் நியோ அந்தக் காட்சியில் ஔவையின் இடத்தில் இருக்கிறான். உண்மையைத் தவிர வேறெதையும் தான் தருவதாகச் சொல்லவில்லை என்று மார்ஃபியஸ் நேர்மையாகவே எச்சரிக்கிறார். ஆனால் அந்த உண்மை என்ன விலை கேட்கும் என்பதைச் சொல்லவில்லை. பின்னால் நியோ கண் விழித்து, உலகத்தின் நிலையைக் கண்டு மயங்கி விழுந்து எழுந்த பிறகு, தான் திரும்பிப் போக முடியாதா என்று கேட்கிறான். முடியாது என்ற பதிலோடு மார்ஃபியஸ் ஒரு மன்னிப்பையும் கேட்கிறார்: ஒரு வயதைக் கடந்த மனத்தைத் தாங்கள் விடுவிப்பதில்லை, அது ஆபத்து, ஆனாலும் தான் விதியை மீறியதாக ஒப்புக்கொள்கிறார். நியோவிடமிருந்து எவ்வளவு மறைக்கப்பட்டிருந்தது என்பதற்குப் படமே தரும் சாட்சி இது. மாத்திரையை விழுங்கியது ஆவல். துணிச்சல் என்றும் சொல்லலாம். முழுமையான தெரிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதற்கு முன்பே நடக்கும் ஒரு சிறு காட்சி எனக்கு அதைவிட மதிப்புள்ளது. மழை இரவில் காருக்குள் மார்ஃபியஸின் ஆட்களால் துப்பாக்கி நீட்டி மிரட்டப்பட்ட நியோ கதவைத் திறந்து இறங்கப் போகிறான். அந்தக் குழுவில் ஒருத்தியான டிரினிட்டி அவனைப் பிடித்து இழுக்கவில்லை. அந்தத் தெருவில் நீ ஏற்கெனவே நடந்திருக்கிறாய், அது எங்கே முடியும் என்று உனக்குத் தெரியும் என்ற பொருள்படச் சொல்கிறாள். வெளியே நனைந்து கிடக்கும் வெறுமையான தெருவைக் கேமரா ஒரு கணம் காட்டுகிறது. நியோ கதவைச் சாத்திக்கொள்கிறான். இரண்டு பக்கத்தில் ஒரு பக்கமாவது அவனுக்கு முழுமையாகத் தெரியும். தெரிந்த ஒன்றை அவன் மறுக்கிறான். படத்தில் அவனுடைய முதல் தெரிவு என்று நான் கருதுவது இதைத்தான். சண்டையும் இல்லை, ஓட்டமும் இல்லை. ஒரு கார்க் கதவு சாத்தப்படுகிறது, அவ்வளவே.

இனி, குறி சொல்லும் பெண்மணி. நம் ஊர்ப் பக்கம் குறி சொல்பவர்களிடம் போய் வந்தவர்களுக்கு அந்தக் காட்சி அந்நியமாக இராது. அடுக்களையில் பிஸ்கட் சுட்டுக்கொண்டே, வந்தவனின் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசுகிறாள். பூச்சாடியைப் பற்றிக் கவலைப்படாதே என்கிறாள். எந்தச் சாடி என்று திரும்பும்போது அவன் கை பட்டு அது உடைகிறது. நான் சொல்லாமல் இருந்திருந்தால் உடைத்திருப்பாயா என்று அவளே கேட்டும் விடுகிறாள். உங்கள் இரண்டாவது கேள்வி முழுவதும் அந்தச் சாடிக்குள் அடங்கியிருக்கிறது. முன்னறிவிப்பு என்பது வெளியே நின்று பார்க்கும் பார்வை அன்று; சொல்லப்பட்ட கணத்திலேயே அதுவும் நிகழ்ச்சிகளில் ஒன்றாகிவிடுகிறது. அவள் அவனிடம் சொல்வது இரண்டு. மனிதர்களை மீட்க வருவான் என்று மார்ஃபியஸ் நம்பும் மீட்பனைப் பற்றிப் பேசி, 'நான் அந்த ஒருவன் இல்லை' என்று அவனே சொல்லிக்கொள்ளும்படி பேச்சைக் கொண்டுபோய், அதை மறுக்காமல் விடுகிறாள். மார்ஃபியஸின் உயிரா உன் உயிரா என்ற நிலை வரும், இருவரில் ஒருவர் இறப்பார், யார் என்பது உன் கையில் இருக்கிறது என்கிறாள்.

இங்கேதான் மாணவப் பருவம் முடிகிறது. மார்ஃபியஸ் பிடிபட்டு, குழுவின் கப்பலில் கிடக்கும் அவருடைய உடலின் இணைப்பைத் துண்டித்து அவரைச் சாக விடுவது என்று முடிவான கணத்தில், நியோ நிறுத்தச் சொல்கிறான். அப்போது அவனுக்கு என்னென்ன தெரியும் என்று எண்ணிப் பாருங்கள். தான் மீட்பன் இல்லை என்று நம்புகிறான். அந்த அதிகாரிகளை எதிர்த்து நின்ற எவரும் உயிரோடு திரும்பியதில்லை என்பதும் அவனுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. போனால் சாவு தனக்கு என்பதை நேரடியாகவே கேட்டிருக்கிறான். இவ்வளவையும் தெரிந்துகொண்டு போகிறான். தான்தான் மீட்பன் என்ற உறுதியோடு போயிருந்தால், வெற்றி முன்பே எழுதிவைக்கப்பட்ட ஒருவனின் பயணமாக அது சிறுத்துப்போயிருக்கும். குறி சொன்னவள் சொல்லாமல் விட்டதுதான் அந்தச் செயலை அவனுடையதாக ஆக்கியது. அதியமான் கனியின் மருமத்தை மறைத்ததால் ஔவையின் கையிலிருந்த தெரிவு அவன் கைக்குப் போனது. இவள் மறைத்ததால் நியோவுக்குத் தெரிவு கிடைத்தது. மறைத்தல் ஒன்றே, விளைவு நேர்மாறு. இதை நான் மிக உயர்ந்த கதைத்திறன் என்று நினைக்கிறேன்.

'சரி, ஆனால் முடிவு நிலைத்ததாக இருந்தால் தெரிவுக்கு என்ன பொருள்?' என்ற உங்கள் வாதம் இன்னும் மிச்சமிருக்கிறது. இதற்கு விடை சொல்ல எனக்கு ஹாலிவுட் தேவைப்படவில்லை. தருமபுரி, கிருட்டிணகிரி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தை ஒரு முறையாவது விடிய விடிய உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். அங்கே பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குக்கூட முடிவு தெரியாமல் இல்லை. கர்ணன் இறப்பான், படுகளத்தில் துரியோதனன் வீழ்வான். தெரிந்தும் ஏன் விழித்திருக்கிறார்கள்? கர்ணன் என்ன செய்யப்போகிறான் என்பதைக் காணத்தான். நீயே மூத்தவன், அரசு உனக்குரியது, வந்துவிடு என்று கண்ணன் அழைக்கிறான். பிறகு குந்தி வருகிறாள். வில்லிபுத்தூரார் பாரதத்தின்படி, நாகக்கணையை ஒரு முறைக்கு மேல் தொடுக்கக் கூடாது என்ற வரத்தையும் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். அந்த வரம் தன் உயிருக்கு வைக்கும் உலை என்பது கர்ணனுக்குத் தெரியாததன்று. தெரிந்தே கொடுக்கிறான், தெரிந்தே நண்பன் பக்கம் நிற்கிறான். முடிவு நிலைத்தது என்பதால் அந்த இடத்தில் அவனுடைய சொல்லின் கனம் ஓர் எள்ளளவும் குறையவில்லை. கூட்டத்தில் கண் துடைப்பவர்களைப் பார்த்தால் அது கூடியிருப்பதுதான் தெரியும்.

மேற்கில் இதே சிக்கலை ஜான் லாக் என்ற ஆங்கிலத் தத்துவஞானி பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்கினார். உறங்கும் ஒருவனைத் தூக்கி, அவன் காண ஏங்கிய நண்பர் இருக்கும் அறையில் விட்டு வெளியே பூட்டிவிடுகிறார்கள். விழித்தவன் மகிழ்ந்து அங்கேயே இருக்கிறான். அவனால் வெளியேற முடியாது, ஆயினும் அவன் இருப்பது அவனுடைய விருப்பத்தால்தான். திறந்திருக்கும் கதவுகளின் எண்ணிக்கையும் மனத்தின் இசைவும் வேறு வேறு பொருள்கள் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

2016-இல் டெனி வில்னவ் இயக்கிய 'அரைவல்' படத்தை நீங்கள் பார்க்கவில்லையென்றால் அவசியம் பாருங்கள். டெட் சியாங் 1998-இல் எழுதிய குறுநாவலிலிருந்து பிறந்தது. வேற்றுக் கோளினரின் மொழியைக் கற்கும் மொழியியலாளர் லூயிஸுக்கு, அந்த மொழி உள்ளே இறங்க இறங்கக் காலம் முழுவதும் ஒரே பார்வையில் தெரியத் தொடங்குகிறது. தனக்குப் பிறக்கப்போகும் மகள் இளம் வயதிலேயே நோயால் இறப்பாள் என்பதையும், அதை அறிந்த கணவர் தன்னைப் பிரிவார் என்பதையும் அவள் முன்பே காண்கிறாள். குழந்தை பெற்றுக்கொள்வோமா என்று அவர் கேட்கும்போது சம்மதிக்கிறாள். அந்தச் சம்மதம் கர்ணன் குந்திக்குக் கொடுத்த வரத்தோடு ஒரே தட்டில் வைத்து நிறுக்கத்தக்கது.

'மேட்ரிக்ஸ்' வரிசையின் 2003-ஆம் ஆண்டுப் படங்கள் இரண்டும் தெரிவைப் பற்றி நிறையப் பேசுகின்றன; பேச்சு மிகுந்த அளவுக்குக் காட்சி வலுக்கவில்லை என்பது என் கருத்து. ஒரே ஓர் இடம் விதிவிலக்கு. அந்த உலகத்தைக் கட்டியவர், நியோவுக்கு முன்பே ஐந்து பேர் இப்படி வந்து நின்றதாகவும் அவர்கள் எல்லோரும் இரண்டு கதவுகளில் மனித இனத்தைக் காக்கும் ஒரே கதவை எடுத்ததாகவும் சொல்கிறார். மீட்பன் என்ற பாத்திரமே அமைப்பு தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளச் செய்த ஏற்பாடு என்று ஆகிறபோது, நியோவின் மொத்தப் பயணமும் பிறர் வகுத்த பாதையாக மாறிவிடுகிறது. அவ்வளவு இறுக்கமான இடத்திலும் அவன் மற்றக் கதவைத் திறக்கிறான், தான் காதலிக்கும் டிரினிட்டியைக் காப்பாற்ற. நன்மை தீமைக் கணக்குப்படி அது பிழையாகக்கூட இருக்கலாம். ஆனால் அது அவனுடையது.

செயலூக்கம் என்பதையே நாயகத்தன்மை என்று கருதும் உங்கள் நண்பர்களுக்கு, மார்ஃபியஸின் குழுவில் இருந்துகொண்டே காட்டிக்கொடுத்த சைஃபரை நினைவூட்டுங்கள். முதல் படத்தில் தானாகத் திட்டமிட்டு, எதிரியோடு உணவகத்தில் அமர்ந்து பேரம் பேசி, தன் திட்டத்தைத் தானே நிறைவேற்றப் போனவன் அவன்தான். இரண்டு உலகங்களையும் வாழ்ந்து பார்த்தவன் என்பதால் அவனுக்கு நியோவைவிட முழுமையான அறிவும் இருந்தது. அவன் கேட்ட விலையைக் கவனியுங்கள்: எதுவுமே நினைவில் இருக்கக் கூடாது. தன் தெரிவைத் தானே மறந்துவிட வேண்டும் என்று வேண்டுகிறவன், இனி எக்காலத்திலும் தெரிவு செய்ய வேண்டாத நிலையை வேண்டுகிறான். கர்ணன் இப்படி ஒரு நிபந்தனையைக் கேட்டிருப்பானா என்று யோசித்தால் இருவருக்கும் உள்ள தூரம் விளங்கும்.

நாயகன் உண்மையிலேயே செயலற்றிருக்கும் நல்ல படங்களும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ரிட்லி ஸ்காட்டின் 'பிளேட் ரன்னர்' (1982) படத்தில் செயற்கை மனிதர்களை வேட்டையாடும் டெக்கார்டை வேலைக்குத் திரும்ப வரவைப்பதே மிரட்டல்தான். கடைசியில் அவன் மழையில் உட்கார்ந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறான். அங்கே தெரிவு எதிராளியிடம் போய்விடுகிறது. நான்கே ஆண்டு ஆயுள் என்று செய்யப்பட்ட செயற்கை மனிதன் ராய் பேட்டி, தன் கடைசி நிமிடங்களில், தன்னைக் கொல்ல வந்தவனின் கையைப் பிடித்துத் தூக்கிக் காப்பாற்றுகிறான். நாயகன் சும்மா இருந்தால் அந்தக் கதையில் வேறு எவராவது அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். ஸ்காட்டின் படம் அதை அறிந்தே செய்திருக்கிறது. தமிழில் வெங்கட் பிரபுவின் 'மாநாடு' (2021) இன்னொரு வழியைக் காட்டியது. ஒரே நாளுக்குள் திரும்பத் திரும்பச் சிக்கிக்கொள்ளும் நாயகன் காலிக் முதல் சுற்றில் இழுத்த இழுப்புக்குப் போகிறவன்தான். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் அவனுக்கு மிஞ்சுவது அறிவு ஒன்று மட்டுமே. அது கூடக் கூட அவன் செயலும் கூடுகிறது. அதே நினைவு எதிரிக்கும் கிடைத்தபோது போட்டி சமமாவதால்தான் எனக்கு அந்தப் படம் பிடித்தது.

உங்கள் திரைக்கதைக்கு வருகிறேன். மறுநாளின் செய்திகள் ஒரு நாள் முன்பே கைபேசிக்கு வந்துசேரும் ஒரு தொழிலாளி, நாற்பது பக்கம் வரை அந்தச் செய்திகள் சொல்கிறபடியே நடக்கிறான். அந்த நாற்பது பக்கத்தை வெட்ட வேண்டாம். நடுவில் ஒரு சண்டையைச் செருகி அவனைச் சுறுசுறுப்பாக்கவும் வேண்டாம். அவன் கேட்டு நடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய செய்தியை அவனுக்குத் தெரியவையுங்கள். கீழ்ப்படிவதால் யார் நட்டப்படுகிறார்கள் என்பது சிறிது சிறிதாக அவன் முன் வந்து நிற்கட்டும். நாற்பத்தோராம் பக்கத்தில் ஓசூர் போகும் கம்பெனிப் பேருந்தைச் சூளகிரியில் நிறுத்தச் சொல்லி இறங்குகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அருமையான இடம். ஆனால் அந்தப் படிக்கட்டில் கால் வைக்கும்போது, பேருந்திலேயே உட்கார்ந்திருந்தால் தனக்கு என்ன கிடைத்திருக்கும், இறங்குவதால் எதை இழப்பான் என்ற இரண்டும் அவனுக்குத் தெரியுமா என்பதை நீங்கள் எழுதவில்லை. இப்போதைக்கு அவன் ஏதோ ஓர் உந்துதலில் இறங்குகிறான். நண்பர்கள் சொன்ன குறை இந்த இடத்தில் இருக்கிறது, முதல் நாற்பது பக்கத்தில் இல்லை. முந்தைய நாள் இரவு அவன் தன் அம்மாவோடு களி தின்றுகொண்டே பேசும் காட்சியில் அந்த இரண்டையும் மூன்று வரி உரையாடலில் சொல்லிவிட முடியும். அந்த மூன்று வரியை முதலில் எழுதி அனுப்புங்கள். மற்றவற்றை அதன் பிறகு பார்க்கலாம்.